பெரட்டுத் திடலில் ஒரு ஜப்பான் வகுப்பு

ஜப்பானில் என் இரண்டாம் பருவத்தின் முதல் வகுப்பு திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு. அங்கே எட்டே முக்கால் என்றால் நம் ஊரில் ஏழே முக்கால். அந்த நேரத்தில் நான் வடக்கு ஜப்பானில், ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்ததோ மலேசியாவில், லிங்கிக்குப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டத்தின் அலுவலக வாசலில், ஓர் உரச் சாக்கின் மேல். ஜப்பானோடு எனக்கு அன்று இருந்த ஒரே நேரடித் தொடர்பு காலில் கிடந்த ரப்பர் சிலிப்பர்தான். அதை எங்கள் பக்கம் ஜப்பான் சிலிப்பர் என்பார்கள்.

இதற்குக் காரணங்கள் மூன்று: அம்மா, மஞ்சள், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்த எந்தக் காகிதமும் நாலு மூலையிலும் மஞ்சள் வாங்காமல் அலமாரிக்குப் போனதில்லை. என் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் லோரி லைசென்ஸ், என் எஸ்.பி.எம். தேர்வு முடிவு, மோட்டார் சைக்கிளுக்குச் சாலைவரி கட்டிய ரோட்டெக்ஸ், ஒரு முறை தவறுதலாகப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் பில், எல்லாவற்றிலும் அம்மாவின் விரல் பட்டிருக்கிறது. தப்பித்தது என் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், மட்டும்தான். பரிமாற்ற மாணவியாக ஒரு வருடம் படிக்க ஏப்ரலில் நான் கிளம்பும் வரைக்கும் அது இங்கே என் பல்கலைக்கழக விடுதி அறையிலேயே இருந்தது. அம்மாவின் கைக்கு வரவில்லை. அந்தக் குறை அவருக்கு ஐந்து மாதமும் இருந்திருக்கிறது. அங்கே எனக்குக் காய்ச்சல் வந்ததும், ஏப்ரலிலும் கரையாமல் கிடந்த பனியில் சைக்கிளோடு வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதும் அதனால்தான் என்பது அவருடைய தீர்மானம்.

பருவ விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு முந்தைய நாள், நான் லுக்குட் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். அந்த இடைவெளி அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. என் பையிலிருந்து கடப்பிதழை எடுத்துக்கொண்டு தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்குப் போனார். பூசை முடிந்ததும், படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து மூலைகளில் மஞ்சள் வைத்தார். அன்றைக்கென்று மஞ்சள் தண்ணியாக இருந்திருக்கிறது. அது வழிந்து என் முகத்தில் பாதியை மூடிவிட்டது. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டு, பச்சை நாரால் தேய்த்தார். மஞ்சள் போய்விட்டது. அதோடு என் முகத்தின் தெளிவும், அதற்குக் கீழே இயந்திரம் படிக்கும் இரண்டு வரி எழுத்தும் போய்விட்டன. பிறகு அதைக் காற்றாடிக்கு அடியில் காயவைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் நான் கத்துவேன் என்ற பயம். நியாயமான பயம்தான், எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும்.

சனிக்கிழமை மதியம் விமான நிலையத்தில், முகப்பில் இருந்த மலாய்ப் பெண் என் கடப்பிதழை மூன்று முறை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். கட்டை விரலால் தடவினார். தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். இந்த எழுத்துகள் எங்கே போயின என்று அவர் மலாயில் என்னைக் கேட்டார். எனக்கே தெரியாதே, என்ன சொல்வேன்? இதை வைத்துக்கொண்டு ஏற்ற முடியாது, புதிதாக எடுத்து வாருங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அவர் அங்கேயே, கோயிலில் தொடங்கி நார் வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னார்.

அம்மாவை நான் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். அன்று, பெட்டிகளோடு நின்ற அத்தனை பேர் நடுவில், வேறு மாதிரி வந்தது.

“நீ ஏன் தொட்ட? ஒண்ணும் தெரியாதவங்க கையில எதுவும் கெடைக்கிற மாதிரி வச்சிருக்கக் கூடாது. என் தப்பு.”

அப்பா தள்ளுவண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். வழியில் அப்பா வானொலியைப் போட்டார், உடனே அணைத்தார். அவ்வளவுதான் சத்தம்.

கடப்பிதழ் கொடுக்கும் குடிநுழைவு அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும். வகுப்பும் திங்கட்கிழமைதான். இது சாதாரண வகுப்பாக இருந்திருந்தால் ஒரு நாள் மட்டம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இது ஆற்று வெள்ளத்தைப் பற்றிய களப்பயிற்சி வகுப்பு. பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். முதல் நாள் பெயர் கூப்பிடும்போது இல்லாதவரின் இடம், வெளியே காத்திருப்பவருக்குப் போய்விடும். அந்த வகுப்பு கைவிட்டுப் போனால் என் பரிமாற்றப் படிப்பு அரைகுறையாக நிற்கும். இங்கே என் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஞாயிறு காலை மூன்று வரியில் பதில் வந்தது. கைப்பேசி வழியாகக் காணொளியில் வரலாம். பெயர் கூப்பிடும்போது இருக்க வேண்டும். வராத காரணத்தை வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும்.

காரணத்தை ஜப்பானிய மொழியில் எழுதி மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். 'எங்கள் தோட்டத்தில் பெய்த மழையில் கடப்பிதழ் நனைந்துவிட்டது.' எழுதியது அதுதான். உண்மையைச் சொன்னால் மஞ்சள் என்றால் என்ன, ஏன் மூலையில், ஏன் நார் என்று கேட்பார்கள். என் ஜப்பானிய மொழி அவ்வளவு தூரம் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்தது. ஐந்து மாதத்தில் அந்த வகுப்புப் பிள்ளைகளிடம் நான் என்னைப் பற்றிக் கட்டி வைத்திருந்த படத்தில் பச்சை நாருக்கு இடமில்லை.

அடுத்த தொல்லை லைன். எங்கள் வீட்டுக்குள் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. குளியலறை சன்னலில் ஒரு கோடு காட்டும், தொட்டால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் கைப்பேசியை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினேன். கோயில் மேட்டில் இரண்டு கோடு. செம்பனைக் குலை நிறுக்கும் எடை மேடையில் மூன்று, ஆனால் லோரிகள் வந்துகொண்டே இருக்கும். அப்பாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வடிகால் ஓரம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். கடைசியில் நாலு கோடும் நின்ற இடம் தோட்ட அலுவலகத்துக்கு முன்னால் இருக்கும் திடல். காலையில் பெரட்டு நடக்கும் இடம்.

தினமும் விடிவதற்கு முன் ஆட்கள் வரிசையாக நிற்க, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. கூப்பிடும்போது நிற்காதவரின் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். அன்று அவருக்கு வேலையில்லை. ஆனால் அதற்கும் ஒரு வழி உண்டு. வராதவரின் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, தலைத்துணியை எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மண்டோர் முன் நின்று, 'தப்பு எங்களோடது' என்று காரணத்தைச் சொல்ல வேண்டும். மண்டோர் நாலு வார்த்தை திட்டுவார். பிறகு கோட்டை அழித்துவிட்டுப் பெயரைச் சேர்ப்பார். சரக்கு அடித்துவிட்டுக் கிடந்த சித்தப்பாவுக்காக அம்மா இப்படிப் பல முறை நின்றிருக்கிறார் என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஞாயிறு மாலை, விமான நிலையத்துக்குப் பிறகு முதல் முறையாக அம்மா என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

“நாளைக்கு பேர் கூப்புடுவாங்களா?”

“ஆமா.”

“இல்லன்னா?”

“வெட்டிருவாங்க.”

“நம்ம போயி கேட்டாகூட குடுக்க மாட்டாங்களா?”

“இது பெரட்டு இல்லம்மா. ஜப்பான்லா.”

அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் மறுபடியும் மழையை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே திடலுக்குப் போய்விட்டேன். ஏழே முக்காலுக்கு வகுப்பு இருக்க, ஆறு மணிக்கு எதற்குப் போனாய் என்று கேட்டால், வீட்டில் உட்கார முடியவில்லை. பெரட்டு நடந்துகொண்டிருந்தது. நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். தமிழ்ப் பெண்கள் ஐந்தே பேர், அதில் அம்மா ஒருத்தர், உரம் போடும் கூட்டம். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் டிராக்டரில் ஏறினார்கள். அம்மா ஏறவில்லை.

“ஏம்மா போகல?”

“அரை நாள் லீவு கேட்டுட்டேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

சும்மா இருக்க லீவு எடுக்கிற ஆள் இல்லை அம்மா. நான் வகுப்பில் இருக்கும்போது பக்கத்தில் நிற்கப்போகிறார் என்று புரிந்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. “லைன் போயிருச்சுன்னா நீங்க என்ன பண்ணப்போறீங்க, தூக்கிப் பிடிக்கப்போறீங்களா?” என்று கேட்டேன். அவர் அலுவலகத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கணக்கு எழுதும் அலுவலகக் கிராணி கதவைத் திறக்க வந்தவர், என் கோலத்தைப் பார்த்துவிட்டு, “இண்டர்வியூவா தங்கச்சி?” என்றார். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே வீட்டில் போடும் பூப்போட்ட பாத்திக் கைலி. ஆமாம் என்றேன். அவரே உரச் சாக்கு ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

ஏழு நாற்பதுக்கு இணைப்புக் கிடைத்தது. அங்கே யாரோ ஒரு மடிக்கணினியை முன் மேசையில் வகுப்பைப் பார்த்த மாதிரி வைத்திருந்தார்கள். பதினொரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் சன்னலோர நாற்காலியில் ஆள் இல்லை. அதில் ஏற்கனவே ஒருத்தியின் பை இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் மூன்று பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள், காத்திருப்போர்.

பேராசிரியர் வந்து கணினிக்கு எதிரே உட்கார்ந்தார். பெயர் கூப்பிடத் தொடங்கினார். மூன்றாவது பெயரிலேயே படம் உறைந்துவிட்டது. நான் எழுந்தேன். கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கினேன், இறக்கினேன், திடலின் நடுவுக்கு ஓடினேன். குலை ஏற்றிய லோரி ஒன்று சாலையில் திரும்பி, எனக்கென்றே ஹாரன் அடித்துவிட்டுப் போனது. படம் உயிர் பெற்றபோது பேராசிரியர் ஏழாவது பெயருக்கு வந்திருந்தார். என் பெயர் பத்தாவது. சரியாக மூச்சு வாங்கிக்கொண்டு, கூப்பிட்டதும் “ஹாய்” என்றேன். அங்கே அதுதான் 'உள்ளேன் ஐயா'. அவர் கேட்காததுபோல் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் கத்தினேன். மூன்றாவது முறையும் அதே கதை. கதவோரம் நின்றவர்களில் ஒருவன் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தான். அவனை எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நொடியில் உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத ஆள் அவன்தான். அப்போதுதான் ஒலி அணைந்திருப்பதைப் பார்த்தேன். ஓடும்போது கட்டை விரல் பட்டிருக்க வேண்டும். அதைத் தொட்டுவிட்டு நான் போட்ட “ஹாய்”க்கு அலுவலகத்துக்குள்ளிருந்து கிராணி எட்டிப் பார்த்தார்.

பேராசிரியர் சிரித்துவிட்டார். குறிப்பேட்டில் அடையாளம் போட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, கணினியை நேராகப் பார்த்து, ஏன் வர முடியவில்லை என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இருபது தரம் சொல்லிப் பார்த்த மழை வரவில்லை. வானம் பளிச்சென்று இருந்தது, திடல் காய்ந்து கிடந்தது, என் பின்னால் அது முழுக்க அவர்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. தூணருகில் இருந்து அம்மாவின் குரல்.

“என்னாம்மா கேக்குறாரு? ஏன் வரலன்னா?”

கைப்பேசிக்குக் கீழே இடது கையால், போங்க போங்க என்று காட்டினேன். அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாரா, இல்லை எப்படியும் வரத்தான் இருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. விறுவிறுவென்று என் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். தலைத்துணியை அவிழ்த்தார். கையைக் கட்டிக்கொண்டார். கைப்பேசியைப் பார்த்து நேராக நின்றார்.

“வணக்கம் சார். தப்பு ஏம்மேலதான் சார். புள்ள மேல ஒண்ணும் இல்ல. பாஸ்போட்ட நாந்தான் தேச்சுக் கெடுத்துட்டேன். எனக்குத் தெரியாம போச்சு. அவ நல்லா படிக்கிற புள்ள சார், அவ பேர வெட்டிடாதீங்க.”

வகுப்பில் எல்லாரும் கணினியை எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் திரையில் நானும், எனக்குப் பக்கத்தில் உரக் கறை படிந்த நீளக் கை சட்டை போட்ட ஒரு பெண்ணும். பேராசிரியர் மெதுவாக, யார் என்று கேட்டார். அம்மா என்றேன். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய வார்த்தைகள் என்னிடம் இருந்தன. 'என் தவறு' என்பது அந்த மொழியில் நான் முதல் வாரத்திலேயே படித்தது. ஆனால் என் வாயில் வந்தது இது:

“எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்கிறார்.”

பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்து, கணினியைப் பார்த்து இடுப்பு மடங்கக் குனிந்தார். அவரைப் பார்த்து வகுப்பே எழுந்தது. பதினொரு பேரும், கதவோரம் நின்ற மூன்று பேரும், ஒன்றாகக் குனிந்து, ஒன்றாகக் காலை வணக்கம் சொன்னார்கள்.

அம்மா ஒரு கணம் திகைத்துப் போனார். பிறகு கைகூப்பி, அவர்களைவிடத் தாழக் குனிந்தார். நிமிர்ந்தபோது கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். “ரொம்ப நன்றிங்க சார்” என்று சொல்லிவிட்டு, கைப்பேசிக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து தூணுக்குப் போனார்.

அதற்குப் பிறகு காரணத்தை யாரும் கேட்கவில்லை. கடப்பிதழில் ஒரு சிக்கல், சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று நானே முணுமுணுத்தேன், பேராசிரியர் தலையாட்டினார். குழு பிரித்தார்கள். எனக்கும் ஒரு குழு கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை நேரில் வந்துவிட வேண்டும் என்றார். வகுப்பு முடிந்து திரை இருண்டபோது என் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடம் தப்பித்துவிட்டது. சந்தோசப்பட வேண்டிய நேரம். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதரைக்கு அப்பா காரோடு வந்தார். சிரம்பானில் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கிளம்பினோம். அம்மாவும் முன்னால் ஏறிக்கொண்டார். தோட்டத்துச் செம்மண் சாலை முடிவதற்குள் அப்பாவிடம் கதை தொடங்கிவிட்டது.

“மன்னிச்சிட்டாங்கங்க. அந்த சாரு எந்திரிச்சு நின்னுட்டாரு. அத்தன புள்ளைங்களும் எந்திரிச்சு, எனக்குப் போயி தல குனியிறாங்க. நம்ம மண்டோர்னா முதல்ல ஒரு பாட்டம் திட்டிட்டுத்தான் பேர் போடுவாரு. இவங்க ஒரு வார்த்த திட்டல.”

“அப்படியா?” என்ற அப்பா, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். இல்லம்மா, நீங்க சொன்னதை நான் சொல்லவே இல்லை என்று சொல்ல ஒரு மணி நேரம் இருந்தது. ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், பச்சை விழுந்துவிடும். சொன்னால் அவர் முகத்தில் அப்போது இருந்த நிம்மதி போய்விடும் என்று பயந்தேன். சொல்லாவிட்டால் அது இருக்கும், ஆனால் அது நான் கொடுக்காமல் வேறு யாரோ கொடுத்ததாக இருக்கும்.

அலுவலகத்தில் எண் வாங்கினோம். எங்களுக்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல். எண் ஓடும் திரை தெரியும்படி அந்தத் தளத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அம்மா தானே போய் ரோட்டி சானாய் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டைச் சாப்பிட்டார். பருப்புக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். மூன்றாவதும் கேட்டு வாங்கினார். வெளிக்கடையில் அம்மா இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கைகழுவ அவர் எழுந்து போனபோது அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

“சனிக்கெழமைலேருந்து இப்பத்தான் சாப்புடுறா.”

“ஒண்ணுமேவா?”

“தேத்தண்ணி மட்டும் குடிச்சா. நீ பாக்கலையா?”

நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குத் தட்டு வைத்ததே அவர்தான். நான் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், எழுந்து லைன் தேடப் போனேன். அவர் தட்டு எங்கே என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. என்மேலேயே எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்கக் கூடாதது போல என்னிடம் கேட்டார்.

“அந்த சாருக்கு எம்மேல கோவம் ஒண்ணும் இல்லதானே?”

“இல்லம்மா” என்றேன்.

“நல்ல மனுசன்” என்றார் அம்மா.

எனக்கும் கோவம் இல்லம்மா என்று சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மூன்று சொல். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து திரையைப் பார்த்தேன், இன்னும் முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். அவ்வளவு நேரம் இருந்தும் சொல்லவில்லை.